போரோசிலிகேட்டுக்குள் (சூடு தாங்கும் ஆய்வகக் கண்ணாடி) செம்புக் கம்பி வைத்தால் விரிசல் விடுகிறது, என்ன செய்யலாம்?

அலைவாய்
பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். பிள்ளைகளுக்குக் காட்ட சொறிமீன் மாதிரி ஒன்றைக் கண்ணாடியில் செய்துகொண்டிருக்கிறேன். போரோசிலிகேட் குழாயை ஊதி, குடை போன்ற அதன் உடல் நன்றாக வந்துவிட்டது. ஆனால் கீழே தொங்கும் இழைகளுக்காக ஒரு மி.மீ. செம்புக் கம்பியைச் சூட்டோடு செருகினால், ஆறும்போது ‘டிக்’ என்று சத்தம், பார்த்தால் கம்பியைச் சுற்றி விரிசல். நான்கு குடை போய்விட்டது. பிளாஷ்கா தந்தையும் மகனும் செய்த கண்ணாடிப் பூக்களில் உள்ளே கம்பி இருக்கிறது என்று படித்தேன், அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

ஊதுகுழல்
ஆய்வகக் கண்ணாடி ஊதுவது என் தொழில். டீச்சர், உங்கள் கைமேல் தப்பில்லை, அந்த ஜோடியே சேராது. சூட்டில் விரியும் அளவைப் பாருங்கள்: ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் போரோசிலிகேட் 3.3 பங்கு, செம்பு கிட்டத்தட்ட 17 பங்கு. ஆறும்போது செம்பு ஐந்து மடங்கு அதிகமாகச் சுருங்குகிறது, கண்ணாடி இழுபட்டு உடைகிறது. அனீலிங், அதாவது சூளையில் வைத்து மெதுவாக ஆறவிடுவது, எவ்வளவு நேரம் போட்டாலும் இது போகாது. டங்ஸ்டன் 4.5, அதனால் மெல்லிய டங்ஸ்டன் கம்பி போரோசிலிகேட்டில் நிற்கும். சோடா கண்ணாடியும் பிளாட்டினமும் இரண்டுமே 9 பக்கம், ஆரம்பகால மின்விளக்குகளில் பிளாட்டினம் போட்டது அதனால்தான். அப்புறம் விலை கட்டாமல், நிக்கல்-இரும்பு கம்பிக்குச் செம்பு உறை போட்ட டுமெட் கம்பிக்கு மாறினார்கள்.

பழைய நூலகம்
பிளாஷ்கா விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும், அவை முழுக்கக் கண்ணாடி என்று பலர் நினைக்கிறார்கள். தந்தை லியோபோல்டும் மகன் ருடால்ஃபும் ஜெர்மனியில் டிரெஸ்டன் பக்கம் காலால் மிதிக்கும் துருத்தி விளக்கில் கண்ணாடியை உருக்கி வளைத்தார்கள், சரி, ஆனால் கம்பி, விலங்குப் பசை, சாயம், மெழுகு எல்லாம் கூடவே இருக்கிறது. நிறைய இடங்களில் பாகங்களைத் தனித்தனியே செய்து பசையால் பொருத்தினார்கள், எல்லாவற்றையும் நெருப்பில் இணைக்கவில்லை. பூக்களுக்கு முன்பே, 1863 முதல், கடல் உயிரிகள்தான் செய்துகொண்டிருந்தார்கள். சாராயத்தில் போட்ட சொறிமீன் நிறமும் வடிவமும் இழந்து கொழகொழவென்று ஆகிவிடும், அருங்காட்சியகத்தில் அதைக் காட்டி ஒன்றும் சொல்லித்தர முடியாது. கண்ணாடி மட்டும்தான் அந்த ஒளி ஊடுருவும் உடம்பைப் பிடித்தது. உங்கள் முயற்சி அதே வழிதான், எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் பூக்கள் செய்தது 1887 முதல் 1936 வரை. தந்தை 1895-இல் இறந்த பின் மகன் தனியாகவே தொடர்ந்தார்.

அலைவாய்
ஐந்து மடங்கு என்று கேட்டதும் எல்லாம் புரிந்துவிட்டது, நன்றி. ஆனால் பசை நம் கடலோர ஈரத்தில் தாங்குமா? அவர்களுடையது இத்தனை வருடம் நின்றதா?

பழைய நூலகம்
எல்லாம் நிற்கவில்லை. காற்றின் ஈரம் ஏறி இறங்க விலங்குப் பசை சுருங்கி விட்டுப்போகிறது, சில மாதிரிகளில் கண்ணாடியே அரித்து மங்குகிறது. நீங்கள் விலங்குப் பசை பக்கமே போகாதீர்கள்.

ஊதுகுழல்
குடையைத் தனியாக ஊதுங்கள், இழை வரும் இடங்களில் சிறு துளை விட்டு அனீலிங் போடுங்கள். நன்றாக ஆறியபின் கம்பியைத் துளையில் விட்டு நிறமற்ற சிலிக்கோன் பசையால் ஒட்டுங்கள். அது ரப்பர் போல வளைந்து கொடுக்கும், சுருக்க வித்தியாசம் கண்ணாடியில் ஏறாது. எப்பாக்சி வேண்டாம், வெயில் படும் ஜன்னலில் வைத்தால் மஞ்சளாகும். எனக்குக் கேட்டால் கம்பியே வேண்டாம் என்பேன். அதே போரோசிலிகேட் தண்டைச் சூடாக்கி இழுத்தால் தலைமுடி அளவு நூல் வரும், குடையோடு நெருப்பிலேயே ஒட்டலாம், மாணவர்கள் தொட்டால் உடையும் என்பது ஒன்றுதான் குறை. பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கத்தான் செய்கிறீர்கள் என்றால் செம்பும் சிலிக்கோனும் போடுங்கள்.

அலைவாய்
கையில் எடுத்துப் பார்க்கத்தான். சனிக்கிழமை செம்பு, சிலிக்கோன். படம் போடுகிறேன்.