மேலே துணி, உள்ளே நாலு பேர்: கோத்தகிரியில் பழைய ஜீப் தேடிய அனுபவம்

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன்.

அப்பா முப்பது வருஷம் தேயிலை எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவர். ரிட்டயர் ஆனபிறகு எங்கள் சின்னக் காரில் ஏறினாலே "டப்பாக்குள்ள அடைச்ச மாதிரி இருக்குடா" என்று கண்ணாடியை முழுக்க இறக்கிவிடுவார். மார்கழிக் குளிராக இருந்தாலும் சரி. அவருக்காகத்தான் போன வருஷம் மேலே துணி போட்ட பழைய வண்டி ஒன்றைத் தேட ஆரம்பித்தேன். கையில் ஐந்து லட்சம். போகிறவர்கள் நாலு பேர்: அப்பா, நான், மனைவி, எட்டு வயசுப் பையன்.

பட்டனை அமுக்கினால் கூரை தானாக மடங்குகிற ஆடி, மினி கார் வகையறாவெல்லாம் நம் பேச்சில் வராது. ஐந்து லட்சத்துக்குள் மலையில் கிடைப்பது மூன்று ஜாதிதான்: பழைய மஹிந்திரா ஜீப்புகள், மாருதி ஜிப்ஸி, 2010-ல் வந்த முதல் மஹிந்திரா தார். அப்பாவுக்கு ஆசை மஹிந்திராவின் எம்.எம். 540 ஜீப் மேல். அந்த பியூஜோ டீசல் இன்ஜின் சத்தம் கேட்டால் முகமே மாறிவிடும். ஆனால் இன்று கிடைப்பதெல்லாம் கால் நூற்றாண்டு தாண்டியவை. தினமும் ஓட்ட வேண்டிய குடும்பத்துக்கு ஆகாது என்று அவரே ஒதுக்கிவிட்டார்.

முதலில் பார்த்தது மேட்டுப்பாளையத்தில் ஒரு ஜிப்ஸி. புது பெயிண்ட், புது டயர், விலை இரண்டே முக்கால். புரோக்கர் அண்ணன் சாவியைக் கையிலேயே திணித்துவிட்டார். அப்பா வண்டியைத் தொடவே இல்லை, ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றைக் கேட்டார். அதில் ஹார்ட் டாப், அதாவது தகரக் கூரை என்று இருந்தது. நிற்கிற வண்டியோ துணி டாப். யாரோ கூரையை அறுத்து எடுத்துவிட்டு, இரும்புக் குழாயை வளைத்து வெல்டிங் வைத்து, மேலே துணி மாட்டியிருக்கிறார்கள். தயாரித்தவர் கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள், விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் இடிக்கும். அதைவிட முக்கியம், கூரையை அறுத்த பாடியின் பலம் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. டீ குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டோம்.

இரண்டாவது குன்னூரில். 1.3 லிட்டர் எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலை அளந்து தெளிக்கும் இன்ஜின்) ஜிப்ஸி, 80 குதிரைத்திறன் உள்ளது. ஜிப்ஸி வாங்கினால் 2000-க்குப் பிறகு வந்த இந்த இன்ஜினைத்தான் பாருங்கள். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் வண்டி அங்கே பெட்ரோலை அள்ளிக் குடித்துவிட்டு மூச்சு வாங்கும். எம்.பி.எஃப்.ஐ. தானே அளவைச் சரிசெய்துகொள்ளும்.

வெயிலில் பார்த்தபோது அந்த வண்டி மணப்பெண் மாதிரி இருந்தது. எனக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கை பரபரத்தது. அப்பா, "மழை பெய்யட்டும், வந்து பாக்கலாம்" என்றார். நாலு நாள் கழித்து ஒரு சாயங்காலம் நல்ல மழையில் மறுபடி போனோம். பின்பக்கம் ஏறி, ரப்பர் மேட்டைத் தூக்கினார். அடியில் இருந்த சணல் விரிப்பு ஊறிப் போய், பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வரும். அதையும் விலக்கிவிட்டு, பாடி போல்ட் இருக்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். மொறுமொறுவென்று சத்தம். அப்பளம் உடைவது போலத் தகடு உள்ளே போனது. விரலை எடுத்தபோது கீழே தார் ரோடு தெரிந்தது. நம்பர் டி.என். 69, தூத்துக்குடி. கடற்கரை ஊரில் பல வருஷம் ஓடிய வண்டி. அதன்மேல் மலைமழை. மேலே பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? துணி டாப் வண்டியில் இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் தரையைப் பாருங்கள். இன்ஜினை மாற்றலாம், வேலை தெரிந்த மெக்கானிக் இருக்கிறார். அரித்துப்போன தரைக்கு டிங்கர் வேலை ஆரம்பித்தால் முடிவே கிடையாது.

மூன்றாவது ஊட்டியில் ஒரு முதல் தார். 2.5 லிட்டர் டீசல், 105 குதிரைத்திறன், இழுவை அபாரம். லவ்டேல் ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே ஏறியது. நான் ஓட்ட, அப்பா பின்பெஞ்சில். முன்னால் வந்து உட்காருங்கள் என்றால் கேட்கவில்லை. "ஓட்டுறவனுக்கு எந்த வண்டியும் நல்லாத்தான் இருக்கும். பின்னாடி உக்காந்தவனைக் கேளு" என்றார். பத்து நிமிஷத்தில் நிறுத்தச் சொன்னார். தலைவலி, கண் எரிச்சல். பின்துணியைச் சுருட்டிக் கட்டியிருந்தோம், முன்பக்கம் மூடியிருந்தது. அப்படி ஓட்டும்போது வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சைலன்சர் புகை உள்ளே இழுக்கப்படும். போதாததற்கு முந்தைய ஓனர் சத்தத்துக்காக சைலன்சர் குழாயைக் குட்டையாக வெட்டியிருந்தார். பின்துணியை மட்டும் ஒருபோதும் திறந்து வைக்காதீர்கள். திறந்தால் எல்லாப் பக்கமும் திறங்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் மூடுங்கள். குழந்தைகள் பின்னால் இருந்தால் இது விளையாட்டு விஷயமே இல்லை.

கடைசியில் வாங்கியது கட்டபெட்டில் ஒரு 2012 ஜிப்ஸி. டி.என். 43, ஒரே ஓனர், ஆர்.சி.யிலும் சாஃப்ட் டாப். நாலு எழுபது கேட்டார், நாலு முப்பத்தைந்துக்கு முடிந்தது. ஐப்பசி மழையில் எல்லாத் துணியையும் மூடிவிட்டு, அப்பாவும் நானும் டார்ச்சோடு பின்னால் உட்கார்ந்தோம். கால் மணி நேரம் அவர் பேசவே இல்லை. தையல் வழியாக விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தார். இடது மூலையில் நின்றார். ஊசி ஓட்டைகளில் வரிசையாகக் குட்டிக் குட்டி நீர்முத்து. "இது மெழுகுவத்தி தேய்ச்சா நிக்கும். துணி கிழிஞ்சிருந்தாத்தான் கவலை" என்றார். தரை காய்ந்திருந்தது. அப்போதே கை கொடுத்துவிட்டோம்.

குறை இல்லாமல் இல்லை. பவர் ஸ்டியரிங் கிடையாது, நிறுத்தித் திருப்பும்போது தோள் வலிக்கும். நாலு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங், பள்ளத்தில் தூக்கிப் போடும். எங்களுக்கு லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் தருகிறது. எல்லாவற்றையும்விடப் பெரியது, பின்பெஞ்சுகள் எதிரெதிராகப் பக்கவாட்டில் இருப்பது. பையன் மேட்டுப்பாளையம் ரோட்டில் இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே வாந்தி எடுத்துவிட்டான். வண்டி ஒரு பக்கம் போக, கண் வேறு பக்கம் பார்த்தால் வயிறு தாங்காது. அதனால் கீழே இறங்கும் பயணத்துக்கெல்லாம் நாங்கள் பஸ்தான். ஜிப்ஸி கொடநாடு, கட்டபெட்டு, தோட்டம், இவ்வளவுதான். சிறு பிள்ளைகளோடு தினமும் மலை இறங்குபவர்கள் பக்கவாட்டு சீட் வண்டியை வாங்க வேண்டாம் என்று மனசாரச் சொல்கிறேன்.

முன்னோக்கிய சீட்டில் நாலு பேர் உட்காரும் திறந்த வண்டி வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

•

கூடலூரிலிருந்து:

அண்ணா, நான் வைத்திருப்பது 2021 தார், கன்வெர்ட்டிபிள் டாப் (மடக்கி வைக்கும் துணிக் கூரை), செகண்ட் ஹேண்டில் எடுத்தது. உங்கள் பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கு ஆனது. வங்கிக் கடன் போட்டுத்தான் எடுத்தேன். 2020 அக்டோபரில் வந்த இந்த மாடலில்தான் பின்னால் இரண்டு பேர் முன்னோக்கி உட்காரலாம், பெல்ட்டும் உண்டு. குளோபல் என்கேப் என்ற மோதல் பாதுகாப்புச் சோதனையில் நாலு நட்சத்திரம் வாங்கியது. என் இரண்டு பெண்களும் வாந்தி இல்லாமல் வருகிறார்கள், அதற்காகவே கடன் கட்டலாம்.

ஆனால் ஒன்று, கதவு இரண்டுதான். முன்சீட்டை மடித்துத்தான் பின்னால் ஏற வேண்டும். முட்டிவலி இருக்கிற என் அம்மாவால் முடியவில்லை. அவர் முன்னால், மனைவி பின்னால் என்று ஏற்பாடாகிவிட்டது. வாங்கும் முன்னால் வீட்டில் வயதானவரைக் கூட்டிப்போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை விடாது. டாப்பை ஈரமாக மடித்து வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை. ஒரு முறை அப்படி ஆகி, அந்த வாடை போக இரண்டு மாசம் ஆயிற்று. வெயில் வரும் வரை மடிக்காதீர்கள்.

•

கொடைக்கானலிலிருந்து:

நான் ஏமாந்ததைச் சொல்லிவிடுகிறேன், யாராவது தப்பிக்கட்டும். டெல்லிப் பக்கம் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று கெடுபிடி இருந்த நேரம், அதனால் அங்கே சல்லிசாகக் கிடைத்தது. ஒரு ஜீப் அப்படி வந்தது. என்.ஓ.சி. (வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகத் தடையில்லாச் சான்று) இருக்கிறது என்றார் விற்றவர். இங்கே மறுபதிவுக்குப் போனபோதுதான் நம் மாநில வரியைப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று தெரிந்தது. அதோடு பழைய கடன் ஆர்.சி.யில் நீக்கப்படவே இல்லை. ஏழு மாசம் வண்டி வாசலில் நின்றது. சல்லிசு என்று எடுத்தது உள்ளூர் வண்டி விலைக்கே வந்துவிட்டது. பணம் கொடுக்கும் முன்னால் எம்பரிவாகன் என்ற அரசு செயலியில் நம்பரைப் போட்டு, கடன் இருக்கிறதா, எஃப்.சி. எப்போது முடிகிறது என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. பின்பக்கம் தைத்திருக்கும் பிளாஸ்டிக் ஜன்னலை உறைபனிக் காலையில் சுருட்டாதீர்கள். போன ஜனவரியில் அவசரத்தில் சுருட்டினேன், கண்ணாடி மாதிரி நீளமாக விரிசல் விட்டது. உள்ளே தின்பண்டமும் வைக்காதீர்கள். ஒரு கொய்யாப்பழப் பைக்காகக் குரங்குக் கூட்டம் என் டாப்பைக் கிழித்துத் தொங்கவிட்டது.

•

கோத்தகிரியிலிருந்து மறுபடியும்:

இரண்டு பேருக்கும் நன்றி. குரங்கு சரி, எங்கள் ஊரில் கரடி. எண்ணெய் வாடைக்கே வந்துவிடும். விளக்கெண்ணெய் டின்னைக்கூட வண்டியில் விடுவதில்லை.

எம்பரிவாகனில் எங்கள் வண்டியையும் பார்த்தேன். கடன் இல்லை. 2027-ல் பதினைந்து வருஷம் முடிகிறது, பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் சேரும். அதற்கென்று மாசாமாசம் கொஞ்சம் எடுத்து வைக்கிறோம்.

கூடலூர் தம்பி சொன்ன ஏறி இறங்கும் விஷயத்தை நேற்று அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் மழை பிடித்தபோது செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போனார். பின்கதவு வழியாக ஜிப்ஸியில் ஏறி, பக்கத்துணி பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் போட்டுவிட்டு, பையனையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். பாதி எரிந்த மெழுகுவத்தி ஒன்று பையன் கையில் இருந்தது. இடது மூலைத் தையலை அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.