புதுப்பிப்பு: பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி (சுத்தற தட்டு இல்லாம சிப்புல டேட்டா வைக்கற டிஸ்க்) போட்டாச்சு
விண்டோஸ் 11 ஏறாத ஆறாம் தலைமுறை ஐ5 ப்ராசசர் லேப்டாப்ப வித்துடவான்னு போன வாரம் கேட்டேன்ல, விக்கல. வேகமாகணும்னா பாதி பேரு ரேமை (தற்காலிக மெமரி) 16 ஜிபி ஆக்குன்னீங்க, பாதி பேரு முதல்ல அந்த 5400 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 5400 சுத்து) ஹார்ட் டிஸ்க்க தூக்குன்னீங்க, நான் ரெண்டாவது கட்சி, 2.5 இன்ச் சாட்டா (ஹார்ட் டிஸ்க் மாட்டற அதே வகை இணைப்பு) எஸ்எஸ்டி வாங்கி மாட்டிட்டேன். என்விஎம்இ (இதவிட வேகமான எஸ்எஸ்டி வகை) சொன்னவங்களுக்கு, இந்த போர்டுல அத மாட்டற எம்.2 ஸ்லாட்டே இல்லங்க. சாட்டா நொடிக்கு 550 எம்பி சுமாருக்கு மேல போகாதுதான், ஆனா வித்தியாசம் தெரியறது அதுல இல்ல, சின்னச் சின்ன ஃபைல தேடி டிஸ்க்கு முள்ளு அலையற நேரம் மிச்சமாகுது பாருங்க, அங்கதான். விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சதால லினக்ஸ் மின்ட்ங்கற இலவச ஓஎஸ் போட்டாச்சு, வைஃபை தானா வந்துருச்சு. பிரிண்டர்தான் மொறைக்குது, ஸ்கேன் ஆகுது பிரிண்ட் ஆகல, ட்ரைவர் (பிரிண்டர இயக்கற சாஃப்ட்வேர்) பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.