மேடையில் கைகொடுத்த துண்டு அட்டை

நான் மென்பொருள் விற்பனைக் குழுவில் இருக்கிறேன். ஆரம்பத்தில் டெமோவுக்குப் பேச வேண்டிய அத்தனையையும் முழு வாக்கியங்களாக நான்கு பக்கம் அடித்துக்கொண்டு போவேன். திரையைப் பார்த்துவிட்டுத் தாளுக்குத் திரும்பினால் எந்த வரியில் விட்டேன் என்று தெரியாது. தேடுகிற அந்த ஐந்து நொடியில் வியர்த்துவிடும்.

சரி, தாளே வேண்டாம் என்று குறிப்புகளை மடிக்கணினியில் வைத்துக்கொண்டேன். அது இன்னும் மோசம். ப்ரொஜெக்டரை இணைத்தபோது என் திரை அப்படியே சுவரில் நகலாகிவிட்டது, நான் கவனிக்கவில்லை. 'ரிப்போர்ட் பக்கம் மெதுவாகத்தான் திறக்கும், அதுவரை ஏதாவது பேசிச் சமாளி' என்று எனக்கு நானே எழுதியிருந்ததை எல்லோரும் படித்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒருவர், "பேசுங்க சார், நாங்க வெயிட் பண்றோம்" என்றார்.

இப்போது கையகல அட்டைகள்தான். ஓர் அட்டைக்கு ஒரு படி, பெரிய எழுத்தில். இடப்பக்கம் நான் செய்ய வேண்டியது, வலப்பக்கம் திரையில் தெரிய வேண்டியது. வலப்பக்கம்தான் முக்கியம். 'சேமி'யை அழுத்த யாரும் மறப்பதில்லை. அழுத்தியபின் பச்சைப் பட்டை வந்ததா என்று பார்க்காமல் அடுத்ததற்குத் தாவும்போதுதான் மாட்டிக்கொள்கிறோம். முடித்த படியைப் பென்சிலால் அடித்துவிடுவேன். நடுவில் யாராவது கேள்வி கேட்டு எங்கோ இழுத்துப் போனாலும் விட்ட இடம் அங்கேயே இருக்கும். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதுவதில்லை.

* * *

நான் வேதியியல் ஆசிரியர். எனக்கு வேறு மாதிரி அடி விழுந்தது. அயோடின் கடிகாரம் என்று ஒரு சோதனை உண்டு. நிறமில்லாத இரண்டு கரைசல்களைக் கலந்தால் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது, பிறகு ஒரே நொடியில் கருநீலமாக மாறிவிடும். எவ்வளவு நேரம் ஆகும் என்பது கரைசலின் செறிவையும் வெப்பநிலையையும் பொறுத்தது.

ஆய்வகத்தில் ஒத்திகை பார்த்தபோது சரியாக வந்தது. நிகழ்ச்சி நடந்ததோ ஏசி குளிரில் உறைந்த அரங்கில். குளிர்ந்தால் வினை மெதுவாகும் என்று வருடா வருடம் பாடம் நடத்துகிறவன் நான்தான்! ஆனாலும் மேடையில் பொறுமை போய்விட்டது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "மன்னிக்கணும், இன்னிக்கு ஏதோ தப்பாயிடுச்சு" என்று ஆரம்பித்தேன். அத்தனை பிள்ளைகளும் கத்தினார்கள். என் முதுகுக்குப் பின்னால் குடுவை நீலமாகிவிட்டிருந்தது. அரங்கிலேயே அதைப் பார்க்காத ஒரே ஆள் நான்.

அன்றிலிருந்து என் குறிப்பில் செய்முறையைவிட எனக்கான எச்சரிக்கைகள்தான் அதிகம். 'எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். திரும்பாதே. வாய்க்குள் எண்ணு.' பதற்றத்தில் இருக்கப்போகிற ஆளுக்கு, பதற்றமில்லாதபோது எழுதிவைக்கிற கடிதம் அது. அப்புறம், குறிப்பை மேசையில் படுக்க வைக்காமல் நிற்க வையுங்கள். நீர் தெறித்தால் பேனா மை கலைந்து, தேவைப்படும் வரி மட்டும் காணாமல் போயிருக்கும்.

* * *

நான் டெமோ காட்டுகிறவருக்குத் துணையாக இருப்பவன். படிகளின் வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 2007 ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனைக் காட்டிய மேடைதான் எனக்கு நினைவுக்கு வரும். அப்போது அந்தப் போன் முழுமையாகத் தயாராகவே இல்லை. முதலில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டு அப்புறம் இணையத்தில் உலவினால் ஓடும், மாற்றிச் செய்தால் நின்றுவிடக்கூடும் என்ற நிலை. எந்த வரிசையில் போனால் சிக்கல் வராது என்று பொறியாளர்கள் முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தங்கப் பாதை'.

எங்கள் குழுவில் டெமோ காட்டுகிறவர் வேறு ஒருவர், நான் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். அவரிடம் இருக்கும் அட்டைகளின் நகல் ஒன்று என் மடியில். போன தடவை அவர் பேச்சு சுவாரஸ்யத்தில் 6 முடிந்து நேராக 9க்குப் போய்விட்டார். நான் 7ஆம் அட்டையைத் தூக்கிக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. இன்னும் உயரமாகத் தூக்கினேன். பக்கத்தில் இருந்தவர் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "ஏலம் ஆரம்பிச்சாச்சா?"