புதுப்பிப்பு: எத்தனை பரிமாண அணியானாலும் ஒரே நிரல்

சென்ற வாரம் இங்கே கேட்டிருந்தேன்: பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி உள்ளிட்ட 6 இடங்களின் தினசரி மழையளவுக்கு 7 நாள் நகரும் சராசரி எடுக்கும் என் பைதான் நிரல், நாள், இடம் என்ற இரண்டு அச்சுகள் (பரிமாணங்கள்) கொண்ட அணியில், அதாவது எண் அட்டவணையில், ஆண்டு என்ற அச்சும் கூடியதும் உடைகிறது; பரிமாணத்துக்கு ஒரு லூப் என்று அடுக்கிக்கொண்டே போவதா?

வேண்டியதில்லை. வழிகாட்டிய அண்ணாச்சிக்கு மனமார்ந்த நன்றி. பைதானின் எண்கணக்கு நூலகமான நம்பையின் (NumPy) மூவ்ஆக்ஸிஸ் (moveaxis) கொண்டு நாள் அச்சைக் கடைசிக்கு நகர்த்தினேன். பிறகு அணியின் வடிவத்தை மாற்றும் ரீஷேப்புக்கு (reshape) (-1, 365) என்று கொடுத்தால் (-1 என்றால் வரிசை எண்ணிக்கையை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும்) மற்ற அச்சுகள் எத்தனை இருந்தாலும் ஒன்றாக மடிந்துவிடுகின்றன. கணக்கு முடிந்ததும் பழைய வடிவத்துக்கே விரித்துவிடலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அச்சை நகர்த்தாமல் நேரே மடித்துவிடாதீர்கள். முதலில் நான் அப்படித்தான் செய்தேன். நாளுக்கு ஒரு வரிசை, இடத்துக்கு ஒரு நெடுவரிசை என்று 365 நாள், 6 இடம். மொத்தம் 2190 எண்கள். அவை 6 வரிசைகளில் கச்சிதமாக அடங்கின, பிழைச்செய்தியே வரவில்லை. ஆனால் முதல் வரிசையின் முதல் 6 எண்களும் ஜனவரி 1 அன்று ஆறு ஊர்களில் பெய்த மழை! மலையடிவாரப் பாபநாசத்து மழையைச் சேரன்மகாதேவியோடு கலந்து சராசரி எடுத்திருக்கிறேன்.

இப்போது ஒரே ஊரின் ஒற்றைப் பரிமாண அணிக்கும் அதே நிரல் ஓடுகிறது. நான்கு பரிமாணம் வரை சோதித்துவிட்டேன்.