அப்பாவின் பழைய றேஞ்ச்பைண்டர் கமராவைப் பயன்படுத்தலாமா?

கேள்வி (கல்லடி):
அப்பாவின் அலுமாரியில் கெனன் கெனோனெட் கியூஎல்17 ஜி3 என்ற றேஞ்ச்பைண்டர் கமரா (காட்டியில் தெரியும் இரு உருக்களை ஒன்றாக்கிக் குவியப்படுத்துவது) ஒன்று கிடைத்தது. வில்லை தெளிவாக இருந்தாலும் ஒளிமானி அசையவில்லை. வெளிச்சம் புகாமல் தடுக்கும் பின்கதவின் ஓரத்துக் கறுப்புப் பஞ்சு விரலில் தார்போல ஒட்டுகிறது. இதையே திருத்துவதா, மலிவாக ஒரு சோர்க்கி 4 (பழைய சோவியத் றேஞ்ச்பைண்டர் கமரா) வாங்குவதா?

மறுமொழி (அக்கரைப்பற்று):
தம்பி, அதைக் கைவிடாதீர்கள். 1972இல் வெளிவந்த அக்கமராவின் ஒளிமானி 1.35 வோல்ற் பாதரசப் பற்றரிக்காக அமைக்கப்பட்டது. அது இப்போது விற்பனைக்கு வருவதில்லை என்பதால், காதுக்கருவிகளுக்குரிய 675 பற்றரியை ஒரு சிறு வளையத்துக்குள் வைத்துப் பயன்படுத்துகிறோம். பற்றரியே இல்லாவிட்டாலும் மூடுதிரை எல்லா வேகங்களிலும் இயங்கும். ஐஎஸ்ஓ 200 படச்சுருளை இட்டு, வாவிக்கரையின் உச்சி வெயிலில் வில்லைத் துவாரத்தை எஃப் 16, மூடுதிரை வேகத்தை 1/250 நொடி என்று வையுங்கள்; படம் சரியாகவே வரும். பஞ்சைச் சுரண்டி, புதியதை ஒட்டினால் போதும்.

மறுமொழி (மட்டக்களப்பு நகர்):
சோர்க்கி 4 எனக்கும் மிகப் பிரியமானது. ஆனால் படச்சுருளைச் சுற்றிய பின்னரே வேகத்தை மாற்ற வேண்டும், மறந்தால் உட்பொறி பழுதாகலாம். எதுவானாலும் தோலுறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். நமது கரையோர ஈரத்தில் என் வில்லையொன்றில் சிலந்தி வலைபோலப் பூஞ்சணம் படர்ந்துவிட்டது.