நியூஸ் சேனல்ல இருந்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு வந்திருக்கேன், பிள்ளைங்களை வீடியோ எடுத்துப் போடலாமா?

கோரையாறு:

எல்லாருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில இடைநிலை ஆசிரியரா சேர்ந்திருக்கேன். ஈராசிரியர் பள்ளி, ஒண்ணு ரெண்டு மூணை ஹெச்.எம். டீச்சர் பாத்துக்கிறாங்க, நாலும் அஞ்சும் என்கிட்ட. இதுக்கு முன்னாடி சென்னையில ஒரு நியூஸ் சேனல் டெஸ்க்ல இருந்தேன், டிவி அடியில ஓடுற ஸ்க்ரோல் போடுறது, பிரேக்கிங் அடிக்கிறது, பாதி நாள் நைட் ஷிஃப்ட். டி.டி.எட். ஆசிரியர் படிப்பு முடிச்சு, டெட் தகுதித் தேர்வும் பாஸ் பண்ணி வச்சிட்டு, இனிமே கிடைக்காதுன்னு விட்டே போயிருந்தேன், 2024 ஜூலையில நடந்த நியமனத் தேர்வை எழுதித்தான் இங்க வந்தது.

வாழ்க்கை தலைகீழா மாறிடுச்சு. முன்னாடி தூங்கப் போற நேரத்துக்கு இப்ப எந்திரிச்சு பஸ்ஸுக்கு ஓடுறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா தொண்டை கட்டிப் போய் அம்மாகிட்ட கூட சைகையிலதான் பேச்சு. டெஸ்க்ல ஒரு வரி அடிச்சா அது அப்படியே போயிடும், யார் பாத்தா என்ன நினைச்சாங்கன்னு தெரியவே தெரியாது. இங்க ஒரு வார்த்தை சொன்னா முன்னாடி உக்காந்திருக்கிற பிள்ளை முகத்துல அது உடனே தெரியுது, புரிஞ்சதா புரியலையான்னு, அதுக்காகவே இந்த வேலை ரொம்பப் பிடிச்சிருக்கு.

நான் நிறைய யோசிச்சது மழை லீவு விஷயத்துல. அக்டோபர், நவம்பர் ஆனா "டெல்டா மாவட்டங்களில் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை"ன்னு ஸ்க்ரோல் போடுறது எங்க வேலை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, தஞ்சாவூர்னு வரிசையா அடிப்போம். 2023 ஆகஸ்ட்ல திருக்குவளையில வச்சு காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் விரிவாக்குனாங்களே, அந்தச் செய்தியும் எங்க டெஸ்க் வழியாத்தான் போச்சு. இப்ப காலையில அந்த உப்புமாவுக்கும் கிச்சடிக்கும் தட்டோட நிக்கிற பிள்ளைங்களைப் பாக்குறேன். லீவு விட்டா அன்னைக்குக் காலைச் சாப்பாடு இல்ல, மத்தியானச் சத்துணவு இல்ல, முட்டை இல்ல. தண்ணி நிக்கிற வீட்டுல அடுப்பு எரியுமோ எரியாதோ. லீவு விடாம இருக்க முடியாது, அது தெரியுது, ரோடே முங்கிக் கிடக்கும். ஆனா அந்த ஒரு வரிச் செய்திக்குள்ள இதெல்லாம் இருக்குன்னு சொல்ல எந்த சேனல்லயும் இடமில்லை.

இப்ப போன் விஷயம். என் வகுப்புல ஒரு பையன், எண்ணும் எழுத்தும் திட்ட மதிப்பீட்டுல இன்னும் அரும்பு நிலைதான், அதாவது முதல் படி, ரெண்டு வரி சேர்ந்தாப்புல வாசிக்கத் திணறுவான். ஆனா பாட்டி போனை வாங்கி மைக்கை அமுக்கி "நண்டு புடிக்கிற வீடியோ"ன்னு சொல்லி வேணுங்கிறதை நொடியில எடுத்துடுறான். வாசிக்கவே தெரியாம உலகம் முழுக்க அவன் கைக்கு வந்துடுது, அப்புறம் எதுக்கு இந்த எழுத்துன்னு அவனுக்குத் தோணுது. அவனுக்கு என்ன பதில் சொல்றது?

ஒரு நாள் மழைக்கு நடுவுல பிள்ளைங்க எல்லாம் நாளைக்கு லீவு டீச்சர்னு ஒரே சத்தம். வாட்ஸப்ல கலெக்டர் போட்டோ போட்ட கார்டு ஒண்ணு சுத்தியிருக்கு. அன்னைக்குப் பாடத்தை நிறுத்திட்டு, ஒரு பிள்ளையோட அம்மாகிட்ட சொல்லி அந்தக் கார்டை என் போனுக்கு அனுப்பச் சொல்லி, போர்டுல மூணு கேள்வி எழுதுனேன், யாரு சொன்னது, எப்ப சொன்னது, எந்த ஊருக்குச் சொன்னது. கொஞ்ச நேரம் பாத்துட்டு அஞ்சாப்பு பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு, "டீச்சர், இதுல நாளைக்குன்னு போட்டிருக்கு, எந்தத் தேதிக்கு நாளைக்கு?" கார்டுல தேதியே இல்ல. அப்புறம் இன்னொரு பையன் கீழ சின்னதா வியாழக்கிழமைன்னு இருக்கிறதைக் காட்டுனான், மறுநாள் செவ்வாய். அது எந்த வருஷத்துக் கார்டோ. டெஸ்க்ல நாங்க தினம் செய்ய வேண்டிய வேலையை பத்து வயசுப் பிள்ளைங்க செஞ்சிட்டாங்க, எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

கேள்விக்கு வர்றேன். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுற குறுவள மையப் பயிற்சிக்குப் போனா மத்த ஆசிரியர்கள் எல்லாம் கேக்குறாங்க, நீங்க மீடியாவுல இருந்தவங்க, எடிட்டிங் தெரியும், வகுப்புல நடக்கிறதை ரீல்ஸா போடலாமே, பள்ளிக்குப் பேர் கிடைக்கும், சேர்க்கை கூடும்னு. எனக்கு மனசு ஒப்பல. பிள்ளைங்க முகம் ஒரு தடவை வெளிய போயிட்டா திரும்ப வராது. திக்கித் திக்கிப் படிக்கிற பிள்ளையை "க்யூட்"னு லட்சம் பேர் பாத்துச் சிரிச்சா, அந்தப் பிள்ளை ப்ளஸ் டூ படிக்கும்போதும் அது நெட்ல கிடக்கும். ஆனா அனுபவம் உள்ளவங்க வேற மாதிரி சொல்றாங்க. நீங்க எல்லாம் என்ன செய்றீங்க? அப்புறம், செய்தியை எப்படிப் பாக்கிறதுன்னு நாலு அஞ்சாவதுலயே சொல்லிக் கொடுக்கலாமா, இல்ல சீக்கிரமா?

---

மன்னை ரிட்டயர்டு ஹெச்.எம்.:

வாங்கம்மா, நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. சீக்கிரம் எல்லாம் இல்ல, நாலாவதுதான் சரியான வயசு.

தினம் காலையில பிரேயர்ல செய்தி வாசிக்கிற வழக்கம் நம்ம பள்ளிகள்ல ரொம்ப காலமா இருக்கு, அதை ஒழுங்காப் பிடிச்சுக்கிட்டாலே போதும். பல இடத்துல ஆசிரியர் குறிச்சுக் கொடுக்கிறதைப் பிள்ளை கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சிட்டுப் போகுது. நான் வேலையில இருந்தப்ப செய்தியைப் பிள்ளையே எடுக்கணும், ஏன் எடுத்தேன்னு ஒரு வரி சொல்லணும்னு வச்சிருந்தேன். முதல்ல எல்லாம் கொலை, விபத்துன்னே எடுத்துட்டு வருவாங்க. பேப்பர்ல பெருசா இருக்கிறது அதுதானே. தடுக்காதீங்க, ஏன் எடுத்தேன்னு மட்டும் விடாம கேளுங்க, ரெண்டு மாசத்துல தானா மாறும்.

இன்னொண்ணு செஞ்சோம். ஜூன்ல மேட்டூர் திறந்தா பேப்பர்ல கொஞ்ச நாள்ல "கடைமடை வரை தண்ணீர் சென்றது"ன்னு வரும். எங்க பள்ளி கோட்டூர் ஒன்றியத்துல, கடைமடைதான், ஆத்துத் தண்ணி கடைசியா வந்து சேர்ற இடம். பிள்ளைங்க தினம் வாய்க்கால் மதகுல போய்ப் பாத்துட்டு வந்து நோட்டுல எழுதுவாங்க, தண்ணி இல்ல, இல்ல, பாசி மாதிரி நனைஞ்சிருக்கு, கணுக்கால் அளவு வந்துடுச்சுன்னு. பேப்பர்ல வந்த தேதியை ஒரு பக்கம், வாய்க்காலுக்கு நெசமாவே வந்த தேதியை ஒரு பக்கம் எழுதி சார்ட்ல ஒட்டுனோம். ஊர்ப் பெரியவங்க எல்லாம் வந்து நின்னு பாத்தாங்க, தண்ணியை முறை வச்சுப் பிரிச்சு விடுறது எப்படின்னு அவங்களே பிள்ளைங்களுக்கு விளக்குனாங்க. யாரும் பொய் சொல்லல, மெயின் ஆத்துல வந்தது அவங்களுக்குக் கடைமடை, கிளை வாய்க்கால்ல வந்தாத்தான் நமக்குக் கடைமடை. செய்தி எங்க நின்னு எழுதப்படுதுங்கறதைப் பிள்ளைங்களுக்கு அதை விடத் தெளிவா யாராலும் சொல்ல முடியாது.

எழுத்து எதுக்குன்னு நினைக்கிற அந்தப் பையனுக்கு என் பதில், அவனுக்கு நண்டு பிடிக்கும்ல, அவன் சொல்லச் சொல்ல நீங்க போர்டுல எழுதுங்க, நண்டு வளை எப்படி இருக்கும், எப்படிக் கையை விடுவான்னு. அவன் சொன்னதையே அவன் வாசிக்கட்டும். வாசிப்பு இயக்கத்துப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பறன்னு படிப்படியா இருக்கே, அதுல நுழைல இருந்து ஆரம்பிங்க. எங்க மன்னார்குடிக்குப் பக்கத்துல மேலவாசல்ல 1931லயே மாட்டு வண்டியில நூலகம் கிளம்பி ஊர் ஊராப் போச்சு, சீர்காழியில பிறந்த நூலக மேதை ரங்கநாதனுக்கு அதுல பங்கு உண்டு. ரோடு சரியில்லாத காலத்துலயே புத்தகம் பிள்ளையைத் தேடிப் போன மண்ணு இது.

ரீல்ஸ் பத்தி, 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீ விபத்து, 94 பிள்ளைங்க செத்துப் போனாங்க. அந்த மாசம் முழுக்க வந்த படங்களைப் பாத்த யாரும் மறந்திருக்க முடியாது. அதுக்கப்புறம்தான் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகள்ல கீத்துக் கூரையை எடுக்கச் சொன்னாங்க, அதனால கேமராவே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் படத்துல இருந்த பிள்ளையோட தாய்கிட்ட யாரும் அனுமதி கேக்கலைங்கறது இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஆறல.

---

பாபநாசம் சார்:

டீச்சர், நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் வீடியோ போடுறவன். எங்க ஊர்ல காலையில தனியார் பள்ளி வேன் வீட்டு வாசல்லயே வந்து நிக்குது, நாம வாசல்ல நின்னு கூப்பிட்டாலும் பிள்ளை வராத நிலைமை. பள்ளியையே மூடிடுவாங்கன்னு பேச்சு வந்தப்பதான் ஆரம்பிச்சேன். பிள்ளைங்க பறையடிச்சு ஆடுனது, கணக்கை மணி கோத்துச் செஞ்சது எல்லாம் போட்டேன். சிங்கப்பூர்ல இருக்கிற எங்க ஊர்க்காரங்க பாத்துட்டு காம்பவுண்டு சுவருக்குப் பணம் அனுப்புனாங்க, அடுத்த வருஷம் வேன்ல போன பிள்ளைங்கள்ல சிலர் திரும்பி வந்தாங்க. அரசுப் பள்ளின்னா மட்டம்னு பேசுறவங்களுக்கு வேற எப்படிக் காட்டுறது? செய்தியில அரசுப் பள்ளி வர்றது எப்ப? ரிசல்ட் அன்னைக்கு, இல்ல கூரை காரை பேந்து விழுந்தா. நடுவுல நடக்கிற நல்லதை நாமதான் காட்டணும்.

நீங்க சொன்ன திக்கிப் படிக்கிற பிள்ளை விஷயத்துல உங்க பக்கம்தான் நான். அழுவுறது, அடி பயந்து நிக்கிறது, தப்பாச் சொல்றது இது எதையும் போடக் கூடாது. அதைப் போட்டு வியூஸ் வாங்குற ஆளுங்களைப் பாத்தா எனக்கும் கொதிக்குது. ஆனா பிள்ளை பெருமையா செய்யிறதை ஏன் மறைக்கணும்?

---

கோட்டூர் பொண்ணு, இப்ப திருப்பூர்:

நான் டீச்சர் இல்லைங்க, நானும் எங்க வீட்டுக்காரரும் பனியன் கம்பெனியில இருக்கோம், பொண்ணு ஊர்ல எங்க அம்மாகிட்ட, மூணாவது படிக்குது. எல்லாரும் போனைத் திட்டுறீங்க, எம் பொண்ணு முகத்தை நான் தினம் பாக்கிறது அந்தப் போன்லதான், அது இல்லைன்னா நான் இங்க இருக்கவே முடியாது. ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து அது அனுப்புன வாய்ஸ் மெசேஜைக் கேட்டுட்டுத்தான் படுப்பேன்.

அது ஆண்டு விழாவுல ஆடுன வீடியோவை அவங்க டீச்சர் பேரண்ட்ஸ் குரூப்ல போட்டாங்க, எத்தனை தடவை பாத்தேன்னு கணக்கு இல்ல. ஆனா அதே வீடியோவை வேற யாரோ எடுத்து பேஸ்புக்ல போட்டு, அதுக்குக் கீழ கண்டவன் கண்டதை எழுதியிருந்தான். பச்சப் புள்ளைங்க அது. எங்க அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நல்லதுன்னு நினைச்சுட்டாங்க, எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது. அதனால டீச்சர், வீடியோ எடுங்க, எங்களுக்கு அனுப்புங்க. ஊருக்கே போடணும்னா எங்களைக் கேளுங்க. தூரத்துல இருக்கோம், அதனால கேக்க வேண்டாம்னு நினைச்சுடாதீங்க.

---

கடைமடைக்காரன்:

தோழர்களே, சட்டமும் இதைத்தான் சொல்லுது. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ உள்ளவங்க விவரத்தைக் கையாள பெத்தவங்க ஒப்புதல் வேணும்னு இருக்கு. பள்ளி மேலாண்மைக் குழுவுல பாதிக்கு மேல பெத்தவங்கதானே, கூட்டத்துல வச்சுப் பேசி, எதை எடுக்கலாம் எங்க போடலாம்னு தீர்மானமா எழுதிடுங்க, நாளைக்கு உங்களுக்கும் பாதுகாப்பு. காம்பவுண்டு சுவருக்குப் பணம் வேணும்னா அரசுப் பள்ளிக்கு உதவி கேக்குற "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" தளம் இருக்கு, 2022 டிசம்பர்லயே ஆரம்பிச்சது, பிள்ளை முகத்தைக் காட்டாம சுவரைக் காட்டியே கேக்கலாம்.

சேனல்ல இருந்தவங்கன்னு சொன்னதால ஒண்ணு சொல்லணும். 2018 நவம்பர் 16 கஜா அடிச்சப்ப எங்களுக்குக் கரண்டும் இல்ல டவரும் இல்ல, தென்னை மரம் எல்லாம் மல்லாந்து கிடக்கு. புயல் கரையைக் கடந்ததோட சென்னை சேனல்களுக்கு செய்தி முடிஞ்சு போச்சு, எங்களுக்கு அப்பதான் ஆரம்பிச்சுது. உங்க பிள்ளைங்க அப்ப ரொம்பச் சின்னக் குழந்தைங்க. வீட்டுல கேட்டு எழுதச் சொல்லுங்க, எந்த சேனல்லயும் வராத செய்தி ஒவ்வொரு வீட்டுலயும் இருக்கு.

---

கோரையாறு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பாபநாசம் சார், நீங்க பள்ளியைக் காப்பாத்துனதை நான் குறைச்சு நினைக்கவே இல்ல, வேன் எங்க ஊருக்கும் வருது. ஆனா திருப்பூர்ல இருந்து எழுதுன அக்கா சொன்னதைப் படிச்சதும் எனக்கு முடிவு தெரிஞ்சிடுச்சு. வீடியோ பேரண்ட்ஸ் குரூப்போட நிக்கும், அதுவும் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துல பேசிட்டு. வெளிய காட்டணும்னா பிள்ளைங்க எழுதுனதைக் காட்டுவேன், கை எழுத்து, வரைஞ்ச படம், அதுக்கு முகம் வேண்டாமே. கஜா பத்தி வீட்டுல கேட்டுட்டு வரச் சொல்லிட்டேன்.

நண்டுப் பையன் இன்னைக்கு அவன் சொன்ன நாலு வரியைப் போர்டுல விரல் வச்சு வாசிச்சான், "வளை" மட்டும் அவனே தனியா கண்டுபிடிச்சான்.

ஹெச்.எம். சார், ஒரு சந்தேகம், எங்க பள்ளிக்குப் பேப்பர் வர்றதில்ல, உங்க பள்ளியில யார் வாங்குனது?

---

மன்னை ரிட்டயர்டு ஹெச்.எம்.:

டீக்கடையில சொல்லி வச்சேம்மா, சாயங்காலம் அவங்க படிச்சு முடிச்சதும் எடுத்து வைப்பாங்க, மறுநாள் பிரேயருக்கு அதுதான். ரெண்டு வேற வேற பேப்பர் கிடைச்சா ரொம்ப நல்லது, ஒரே செய்தி ரெண்டுலயும் எப்படி வந்திருக்குன்னு பக்கத்துல பக்கத்துல வைக்கலாம். அப்புறம் 2022ல பள்ளிக்கல்வித் துறையே ஆரம்பிச்ச ஊஞ்சல் இதழ் நாலு அஞ்சாவதுக்கானது, உங்க பள்ளிக்கு வந்தது ஏதாவது பீரோவுக்குள்ள இருக்கான்னு பாருங்க. இருந்தா எடுத்துப் பிள்ளைங்க கைக்கு எட்டுற மாதிரி கயித்துல தொங்க விடுங்க.