சிறுநீரகக் கல்லுக்குக் கழுத்தில் ஆபரேஷனா?

மன்னார்குடிக்காரன் கேட்டது:

அம்மாவுக்கு 58 வயது. நான்கு வருஷத்தில் மூன்றாவது தடவையாகச் சிறுநீரகக் கல். முதல் தடவை வாழைத்தண்டுச் சாற்றோடு ஓட்டினோம், அடுத்த தடவை லேசர். இந்த முறை தஞ்சாவூரில் பார்த்த டாக்டர் ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொன்னார். 11.6, அதிகமாம். பத்து நாள் கழித்து மறுபடி எடுத்தால் 11.4. கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு ஹார்மோன், அதாவது பி.டி.எச். 186, லேப் தாளில் 65 வரைதான் சரி என்று போட்டிருக்கிறது. அதைச் சுரக்கிற, கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பியில் கட்டி இருக்கும், கழுத்தில் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்கிறார். ஆனால் அந்தக் கட்டியைத் தேடும் செஸ்டமிபி ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை.

வீட்டில் ஒரே கலவரம். "கல்லு இடுப்புல, கத்தி கழுத்துலயா?" என்கிறார் பெரியப்பா. எல்லாம் வெற்றிலைச் சுண்ணாம்பு செய்த வேலை, அதை விட்டால் தானாக இறங்கிவிடும் என்பது அத்தையின் தீர்ப்பு. அம்மா நாளைக்கு எட்டுத் தடவையாவது போடுவார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கும்பகோணம் அக்கா:

தம்பி, நான் டாக்டர் இல்லை. சென்னையில் பல வருஷம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவள்.

முதலில் அத்தையின் சுண்ணாம்பு. அளவுக்கு மீறிச் சுண்ணாம்பு சேர்த்தால் கால்சியம் ஏறலாம், அதில் பொய்யில்லை. ஆனால் அப்படி ஏறினால் பி.டி.எச். அடங்கிப் போயிருக்கும். வாய்க்கால் கரை வழிய ஓடும்போது லஸ்கர் ஷட்டரை இறக்கிவிடுவார் அல்லவா? அம்மாவுக்கு வாய்க்கால் வழிகிறது, ஷட்டரோ தூக்கியே இருக்கிறது. கோளாறு லஸ்கரிடம்தான், அதாவது அந்தச் சுரப்பியிடம். எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் விடுகிறது. அதில் மிஞ்சியதுதான் சிறுநீரகத்தில் கல்லாகப் படிகிறது. டெக்சா ஸ்கேனும் எடுத்துப் பாருங்கள், எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும்.

ஸ்கேனில் தெரியாததால் நோய் இல்லை என்று ஆகாது. நோயை உறுதி செய்வது ரத்தம். ஸ்கேன், கட்டி எந்தப் பக்கம் என்று காட்ட மட்டும். நான்கு சுரப்பி, ஒவ்வொன்றும் அரிசி அளவு. இதை முதலில் கண்டதே மனிதரிடம் இல்லை. லண்டன் மிருகக்காட்சிசாலையில் செத்துப்போன இந்தியக் காண்டாமிருகத்தின் கழுத்தில் ரிச்சர்ட் ஓவன் பார்த்தார். மனிதரிடம் 1880-இல்தான் ஸ்வீடனின் சாண்ட்ஸ்ட்ரோம் கண்டுபிடித்தார். அவ்வளவு பொடிசு. பெரும்பாலானவர்களுக்கு நான்கில் ஒன்றுதான் கெட்டிருக்கும். ஸ்கேன் கைவிட்டால் சர்ஜன் நான்கையும் தேடிப் பார்ப்பார். அதனால்தான் இதையே நிறையச் செய்த எண்டோகிரைன் (சுரப்பி) சர்ஜனிடம் போகச் சொல்கிறேன். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கென்றே தனித் துறை உண்டு.

எடுத்த துண்டு கொழுப்பா, சுரப்பியா என்று கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. எங்கள் சர்ஜன் அதை சலைன் கிண்ணத்தில் போடுவார். கொழுப்பு மிதக்கும். சுரப்பி மெல்ல அடியில் போய் உட்காரும், ஊறின பருப்பு மாதிரி, பழுப்பு நிறத்தில். அப்புறம் கட்டியை எடுத்த பத்தாவது நிமிஷம் ரத்தம் எடுத்து லேபுக்கு ஓட வேண்டும். பி.டி.எச். நான்கைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை பாதியாகிக்கொண்டே வரும் சரக்கு. அதனால் பழைய அளவில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் சரியான கட்டி வந்துவிட்டது. இறங்காவிட்டால் இன்னொன்று ஒளிந்திருக்கிறது, தேடு. லேப் போன் வரும்வரை ஒருவரும் பேச மாட்டோம்.

ஆபரேஷனுக்கு முன் 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம் பார்க்கச் சொல்வார்கள். சில குடும்பங்களில் பிறவியிலேயே சிறுநீர் வழியாகக் கால்சியம் குறைவாகப் போகும், அதனால் ரத்தத்தில் ஏறியிருக்கும். அவர்களுக்குக் கழுத்தைத் திறந்து பிரயோஜனம் இல்லை. அம்மாவின் பி.பி. மாத்திரைச் சீட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள், தயசைடு வகை மாத்திரையும் கால்சியத்தை ஏற்றும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நீடாமங்கலம் விவசாயி:

என் வீட்டுக்காரிக்கு இரண்டு வருஷம் முன்னால் இதே ஆபரேஷன். அதற்கு முன்பு ஒரு டாக்டர் மூட்டுவலி என்று ஒன்றரை வருஷம் மாத்திரை கொடுத்தார், கால்சியம் பார்க்கவே இல்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. தழும்பு இரண்டு விரல் அகலம்கூட இல்லை, தாலிக்கயிறு மறைத்துவிடுகிறது. மறுநாள் ராத்திரி உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றாள், விரல் மரத்துப்போனது. காய்ந்து கிடந்த வயல் தண்ணீர் இழுப்பது மாதிரி எலும்பு கால்சியத்தை இழுக்கிறது என்றார் டாக்டர். உடனே ஊசி போட்டார்கள். அம்மாவுக்கு அப்படி வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

மன்னார்குடிக்காரன்:

அக்கா, குரல் போய்விடுமா என்று அம்மா பயப்படுகிறார். கோயிலில் தேவாரம் பாடுபவர்.

கும்பகோணம் அக்கா:

குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, பயம் நியாயம்தான். சில நாள் கரகரப்பு வரலாம். கைப்பழக்கம் உள்ள சர்ஜன் என்றால் நிரந்தரமாகப் போவது அபூர்வம். பாடுகிறவர் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், முன்னதாகவே குரல்நாணைப் பார்த்துவிடுவார்கள். அந்த 24 மணி நேரச் சிறுநீர் சேர்க்கும்போது காலையில் முதலில் போவதைக் கொட்டிவிட்டு, மறுநாள் அதே நேரம் வரை ஒரு சொட்டு விடாமல் கேனில் பிடிக்க வேண்டும்.

மன்னார்குடிக்காரன்:

நேற்று ஆரம்பித்தோம். கொல்லையில் தொட்டிக்குப் பின்னால் அம்மா மறைத்து வைத்திருந்த கேனை, சாயங்காலம் அத்தை பார்த்து, கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். நாளைக் காலை மறுபடி முதலிலிருந்து.